ஈயக் குணுக்கும் முள்வாங்கியும்: மணலியில் ஒரு தகரப் பெட்டி

மணலியில், பழைய ஊர்ப் பக்கம், எங்கள் படிப்பு வட்டத்துக்கு வரும் அக்கா ஒருவரின் வீட்டை இடித்துக் கட்டினார்கள். பரணை ஒழித்தபோது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. "காயலான் கடையில எடைக்குப் போடப் போறேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ வந்து பாத்துருங்க" என்று சொல்லி அனுப்பினார். நாங்கள் நான்கு பேர் போனோம்.

பெட்டிக்குள் மூன்று வகைப் பொருள்கள். முதலில், இரண்டு ஈய வளையங்கள். சின்னதாக இருந்தாலும் கையில் எடுத்தால் கனம் தெரிந்தது. முழுதாக மூடாமல் ஓரிடத்தில் வாய் பிளந்திருந்தன. அடுத்து, ஒரு கம்பி வளையத்தில் கோத்த இரண்டு குட்டிக் கருவிகள். ஒன்று இடுக்கி போல இருந்தது; மற்றதன் நுனி கரண்டி போலக் குழிந்திருந்தது. கடைசியாக, நூல் இற்றுப்போன கருப்பும் சிவப்புமான கண்ணாடி மணிகள் ஒரு பிடி. பொன் இல்லை. வெள்ளியும் இல்லை.

இவை எதற்கு என்று ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். எண்ணூரிலிருந்து வந்திருந்த தோழர் மீன்பிடிக் குடும்பத்துக்காரர். ஈயத்தைப் பார்த்ததும் "வலைக்குக் கட்டுற குண்டு" என்றார். இடுக்கியைப் பார்த்த பிள்ளைகள் புருவம் திருத்துவதற்கு என்றார்கள். பழம்பொருள் சேகரிக்கும் நண்பர் ஒருவருக்குப் படம் அனுப்பினோம். "ஒப்பனைக் கருவிகள், பழங்குடி மணிகள்" என்று பதில் வந்தது. பழம்பொருள் சந்தையில் பொருளுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் விலை போட்டுவிடலாம், வேலை முடிந்தது. நமக்கு அங்கிருந்துதான் வேலை தொடங்குகிறது. ஒரு அணிகலன் எதற்கு என்று கேட்பவர், அதை யார் அணியலாம், யார் அணியக்கூடாது என்று சட்டம் போட்டது யார் என்பதையும் கேட்க வேண்டும். சாதிச் சமூகத்தில் இரண்டாவது கேள்வி இல்லாமல் முதல் கேள்விக்கு முழு விடை கிடையாது.

பெட்டி அக்காவின் அப்பத்தாவுடையது. மணலியில் பிறந்த பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஆயாவை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். இவர்கள் மட்டும் அப்பத்தா என்பார்கள். காரணம், குடும்பம் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தது. 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனம் தொடங்கப்பட்டு, மணலியில் சுத்திகரிப்பு ஆலை எழும்பி, 1969-ல் ஓடத் தொடங்கியது. அடுத்து உரத் தொழிற்சாலை வந்தது. மண் வெட்டவும் கல் சுமக்கவும் குழாய் தூக்கவும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அப்படிக் கூலி வேலைக்கு வந்த மகனோடு அப்பத்தாவும் இந்தத் தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

அந்த ஈயத்துக்குப் பெயர் குணுக்கு. வலைக்குண்டு அல்ல என்பதை எண்ணூர்த் தோழரே பிறகு ஒப்புக்கொண்டார். வலைக்கு என்றால் இரண்டு குண்டு போதாது. கயிறு உரசி உரசி உட்பக்கம் தேய்ந்திருக்கும். இவை சம எடையில் ஒரு ஜோடி, உட்பக்கம் வழுவழுப்பு, பிளந்த வாய் மட்டும் ஒரு சதைத் துண்டை நுழைக்கும் அளவு.

அந்தச் சதை, பெண்ணின் காது மடல். தென் தமிழகத்தில் பெண் குழந்தைக்குக் காது வடிப்பார்கள். குத்திய துளையில் முதலில் பஞ்சுத்திரி செருகுவார்கள். புண் ஆறியதும் பனையோலைச் சுருள் வைப்பார்கள். சுருட்டிய ஓலை விரியப் பார்க்கும்; துளையும் கூடவே விரியும். கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய சுருளாக மாற்றி, பிறகு ஈயக் குணுக்கைத் தொங்கவிடுவார்கள். ஈயம் இழுக்க இழுக்க மடல் கயிறுபோல் நீண்டு தோளைத் தொடும். அப்படி வடித்த காதில்தான் பாம்படமும் தண்டட்டியும் ஏறும். பாம்படம் உள்ளே அரக்கு, மேலே பொன் தகடு. குணுக்கு என்பது பொன் வருவதற்கு முன் காதைத் தயாராக்கும் கருவி. ஒரு வாக்குறுதி என்றும் சொல்லலாம்.

பெட்டியில் குணுக்கு இருந்தது, பாம்படம் இல்லை. பழம்பொருள் நண்பர் "வித்திருப்பாங்க" என்றார். ஏழைக் குடும்பத்தில் பொன் அடகுக்குப் போய்த் திரும்பாமல் போவது இயல்புதான். அக்கா தலையை ஆட்டினார். "வித்தா சொல்லிருப்பாங்கல்ல? எங்க அப்பத்தா பாம்படமே போட்டதில்ல. காது மட்டும் இம்மாந்தொல தொங்கும். ஏன் போடலன்னு கேட்டா, போட்டா காதோட அத்துருவாங்கன்னு சொல்லும். நான் வெளாட்டுக்குச் சொல்லுதுன்னு நெனச்சுக்குனேன்."

அது விளையாட்டுப் பேச்சு அல்ல. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மீது கள்ளர்கள் 8 தடைகளை விதித்ததாக, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். முதல் தடையே நகைதான்: பொன்னும் வெள்ளியும் அணியக்கூடாது. மற்றவற்றைக் கேளுங்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. முடி வெட்டிக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மறைக்கக்கூடாது. பூவும் மஞ்சளும் பூசிச் சூடக்கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, காலில் செருப்பு போடக்கூடாது.

மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியமும் உடைமைகளும் அழிக்கப்பட்டன. கால்நடைகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் 11 ஆயின. நகைத் தடை அதிலும் இருந்தது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும். சொந்த நிலத்தை அடிமாட்டு விலைக்கு மிராசுதாருக்கே விற்க வேண்டும். காலை 7 மணி முதல் மாலை 6 மணிவரை வேலை, கூலி ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா.

அந்த 11-ல் ஒரு தடை எங்களை நெடுநேரம் பேசவிடாமல் நிறுத்தியது. பெண்கள் செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக்கூடாது, மண்குடம்தான். அந்தக் குடத்தைத் தலையில் வைக்கும்போது சும்மாட்டுக்கு வைக்கோலைத்தான் சுருட்ட வேண்டும், துணி கூடாது. யோசித்துப் பாருங்கள். குடத்துக்கும் மண்டைக்கும் நடுவில் இருக்கும், யார் கண்ணுக்கும் படாத ஒரு கந்தல் துணி. அதற்கும் சாதிச் சட்டம் போட உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்! வைக்கோல் சும்மாடு எந்த அருங்காட்சியகத்துக்கும் வந்து சேராது. அன்றன்றைக்கே மாட்டுக்குப் போய்விடும். பெட்டியில் இருப்பவற்றைப் படிப்பதுபோலவே பெட்டிக்கு வர முடியாதவற்றையும் நாம் படிக்க வேண்டியிருக்கிறது.

அப்பத்தாவுக்கு 1930-ல் பத்துப் பன்னிரண்டு வயது இருந்திருக்கும் என்று அக்கா கணக்குச் சொன்னார். கைக்குழந்தையாக இருந்தபோது பெற்றவர்கள் ஆசையாகக் காது வடித்திருக்கிறார்கள். பாம்படம் ஏறும் வயது வந்தபோது பொன் கூடாது என்ற சட்டம் நின்றது. வடித்த காது வெறுங்காதாகவே மணலி வரை வந்தது. எனவே இந்தக் குணுக்கு எதற்கு என்றால், காதை நீட்டுவதற்கு என்பது பாதி விடை. நீட்டிய காதுக்குப் பொன் வராமல் தடுத்தவர்கள் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சியாக அது இன்று நம் கையில் இருக்கிறது என்பது மீதி விடை.

இது 1930-ல் திடீரென்று முளைத்த புத்தி அல்ல. மனுநூலின் பத்தாவது அத்தியாயம், சண்டாளருக்கு இரும்பே அணிகலன், பிணத்தின் துணியே உடை, உடைந்த பாத்திரத்தில்தான் சோறு என்று வகுத்து வைத்திருக்கிறது. ராமநாதபுரத்துத் தடையையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உலோகம், உடை, பாத்திரம் என்று அதே மூன்று. வடக்கேயும் இதுதான். 1928-ல் இந்தூர்ப் பகுதியில் பலாய் மக்கள் மீது விதித்த கட்டளைகளில் பெண்கள் பொன்னோ வெள்ளியோ அணியக்கூடாது என்பதும், ஆண்கள் சரிகைக் கரை வைத்த தலைப்பாகை கட்டக்கூடாது என்பதும் இருந்தன. 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் அம்பேத்கர் இதை எடுத்து வைக்கிறார். காசு இல்லாததால் நகை இல்லை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். காசு இருப்பவர் போட்டுவிடுவாரோ என்ற பயத்தில்தானே தடை போட்டார்கள்?

இரண்டாவது பொருளுக்கு வருவோம். இடுக்கி போன்றது முள்வாங்கி. கரண்டி போன்றது குறும்பிவாங்கி, காதழுக்கு எடுப்பது. அப்பத்தாவின் கணவர் அரைஞாண் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாராம். ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீட்டுத் தலைவிகள் இடுப்பில் ஒரு கொக்கி மாட்டி, அதிலிருந்து சங்கிலிகளில் சாவி, கத்தரிக்கோல், ஊசிப்பெட்டி எல்லாம் தொங்கவிடுவார்கள். ஷாட்லேன் என்று பெயர். கிடங்குச் சாவி தன்னிடம் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லும் அலங்காரம் அது. இடுப்பில் தொங்குவதைப் பார்த்தால் அந்த உடம்பு எதற்கு உரிமை உள்ளது, எதற்கு இரையாகிறது என்று தெரிந்துவிடும்.

நம்மாள் இடுப்பில் முள்வாங்கி ஏன் தொங்கியது? கரிசல் காட்டில், வேலமரத்து முள் உதிர்ந்து கிடக்கும் வரப்பில், வெறுங்காலோடு நடந்தவர் அவர். முள்வாங்கி எல்லாச் சாதிக்காரர் வீட்டிலும் இருந்த பொருள்தான், மறுக்கவில்லை. செருப்புப் போட்டு நடப்பவருக்கு அது எப்போதோ தேவைப்படும். செருப்பே போடக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டவருக்கு அது அன்றாடம் வேண்டும். அதனால்தான் பரணில் இல்லாமல் அரைஞாணில் தொங்கியது. மாட்டை உரித்துத் தோலைப் பதப்படுத்திச் செருப்பைத் தைத்துக் கொடுத்ததும் நம் மக்களே என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தைத்தவர் காலில் முள், வாங்கிக்கொண்டவர் காலில் செருப்பு. ஒப்பனைக் கருவி என்று விலைச்சீட்டு எழுதினால் இந்த வரலாறு முழுதும் அந்தச் சீட்டுக்கு அடியில் புதைந்துவிடும்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக நெடுங்காலம் இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906-ல் தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகளை வெளியிட்டார். மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் அளவுகோல் வைத்து அளந்த அதே தர்ஸ்டன்தான். அந்த நூலில் உடலைச் சிதைக்கும் வழக்கங்களுக்கு ஒரு அத்தியாயம், அடிமை முறைக்கு ஒரு அத்தியாயம், உடைக்கு ஒரு அத்தியாயம். வெள்ளைக்காரர் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்தது நம் அப்பத்தாவின் உடம்பில் ஒன்றாகத்தான் இருந்தது. நம் வேலை அந்த அத்தியாயங்களைத் திரும்ப ஒட்டுவது.

மூன்றாவது, மணிகள். இதுவரை சொன்னது, போடாதே என்ற தடை. போடு என்று கட்டாயப்படுத்துவதும் சாதிக்குத் தெரியும். திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் பொன் அணிய முடியாது. கழுத்தில் கல்லும் கண்ணாடியும் கோத்த மாலையைத்தான் கனக்கக் கனக்கப் போட்டிருக்க வேண்டும். கல்லுமாலை என்று பெயர். பழம்பொருள் கடைக்காரர் இன்று அதைப் பார்த்தால் அழகிய கழுத்தணி என்பார். அன்று அதன் வேலை, தூரத்திலிருந்தே இவள் புலையப் பெண் என்று காட்டுவது. கழுத்தில் மாட்டிய சாதிச் சான்றிதழ்.

அய்யன்காளி அந்த மாலையை அறுத்தெறியச் சொன்னார். 1893-ல் தடையை மீறிப் பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டியவர்; 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கியவர். 1915 அக்டோபரில் கொல்லம் அருகே பெரிநாட்டில் இதற்காகக் கூடிய கூட்டத்தை ஆதிக்கச் சாதியினர் தாக்கினார்கள். கலவரம் மூண்டது, நம் மக்களின் குடிசைகள் எரிந்தன. அய்யன்காளி பின்வாங்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் கொல்லத்தில், சங்ஙனாச்சேரி பரமேஸ்வரன் பிள்ளை தலைமையில் நடந்த கூட்டத்தில், பெண்கள் மேடையருகே வந்து கல்லுமாலைகளை அறுத்துப் போட்டார்கள். ஒரு கழுத்தணி எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை எந்த ஆய்வாளரும் எழுதியதில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1927 டிசம்பரில் மகாடில் மனுநூலை எரித்த மாநாட்டின்போது, அண்ணல் அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். சேலை கட்டும் விதமும், கழுத்திலும் கையிலும் சுமக்கும் நகைகளும் உங்களைத் தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கின்றன. அந்த அடையாளத்தை விடுங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் பேசி முடித்த கையோடு பெண்கள் சேலையை மாற்றிக் கட்டத் தொடங்கினார்கள். பொன் போடாதே என்ற தடையை உடைப்பதும், இதைத்தான் போட வேண்டும் என்ற கட்டாயத்தை அறுப்பதும் ஒரே போராட்டத்தின் இரண்டு பக்கங்கள்.

"எல்லாம் பழைய கதை, இப்ப யாரு பாக்குறாங்க?" என்று கேட்பவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு செய்திகள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் திருத்தம் வந்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் செருப்பு அணிவதை, புத்தாடை உடுத்துவதை, மிதிவண்டி ஓட்டுவதைத் தடுப்பது அதில் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. நடக்காத குற்றத்துக்கு நாடாளுமன்றம் சட்டம் எழுதுவதில்லை. 1930-ன் எட்டாவது தடைக்கு விடை எழுத 85 ஆண்டு ஆகியிருக்கிறது.

அடுத்தது, பிள்ளைகளின் கையில் இருக்கும் கயிறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் அந்தக் குழு தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளும் மோதிரங்களும் பள்ளிகளில் கூடாது என்ற பரிந்துரை இருக்கிறது. நூறு ஆண்டு கழித்து எவரோ ஒருவர் பரணிலிருந்து இந்தக் கயிற்றை எடுப்பார். மஞ்சள், சிவப்பு, பச்சை. பருத்தி நூல், மணிக்கட்டுக்கு. அந்தக் காலத்துப் பள்ளிப் பிள்ளைகளின் அலங்காரம் என்று எழுதி வைப்பார். எந்த நிறம் யாரைப் பார்த்து முறைத்தது என்று நாம் இன்றைக்கே எழுதி வைக்காவிட்டால், அது வெறும் கயிறாகத்தான் அவர் கைக்குப் போகும்.

இதையெல்லாம் பேசி முடித்தபோது அக்கா வீட்டில் இருட்டிவிட்டது. பெட்டி முழுவதையும் எங்கள் படிப்பகத்துக்குத் தந்துவிடுங்கள் என்று கேட்டோம். பெரிநாட்டுப் பெண்கள் மாலையை அறுத்தெறிந்த கதையை வேறு சொல்லிவிட்டோமே, இந்த மணிகளையும் எறியத்தான் சொல்வார் என்று நினைத்தோம். அவர் மணிகளை முந்தானையில் கொட்டி முடிந்துகொண்டார்.

"இது யாரும் போடுன்னு சொல்லிப் போட்டது இல்ல. திருவொற்றியூர் தேர்த் திருவிழாவுல வாங்கினு வந்து, ஒரு கருப்பு ஒரு சிவப்புன்னு அப்பத்தாவே உக்காந்து கோத்தது. இத நான் குடுக்க மாட்டேன். அந்த ஈயத்தயும் முள்வாங்கியயும் எடுத்துனு போங்க. எதுக்குன்னு எழுதி வைங்க."

எங்களுக்கு அது ஒரு பாடம். தடையையும் கட்டாயத்தையும் எண்ணி எண்ணி, நம் பெண்கள் தமக்குப் பிடித்ததைத் தாமே தேர்ந்து கோத்த மணிகளும் இருந்தன என்பதை நாங்கள் மறக்கப் பார்த்தோம். பொன் தடுக்கப்பட்ட கழுத்து அழகுக்கு ஆசைப்படாமல் இருந்ததில்லை. அந்த ஆசையும் நம் வரலாறுதான்.

குணுக்கும் முள்வாங்கியும் இப்போது படிப்பகத்தின் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. அக்கா சொன்னபடி எழுதியும் வைத்திருக்கிறோம்: "ஈயக் குணுக்கு, ஒரு ஜோடி. காது வடிக்க. இந்தக் காதுக்குப் பொன் தடுக்கப்பட்டது, ராமநாதபுரம், 1930. முள்வாங்கி, குறும்பிவாங்கி. அரைஞாணில் கட்ட. இந்தக் காலுக்குச் செருப்புத் தடுக்கப்பட்டது, அதே ஊர், அதே ஆண்டு."

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். காயலான் கடைக்குப் போடுமுன் வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் அவரிடம் காட்டிக் கேளுங்கள். இது என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். இதோடு சேர்ந்து இருந்திருக்க வேண்டிய பொருள் எங்கே, அதை வரவிடாமல் செய்தது யார் என்றும் கேளுங்கள். அவர் சொல்வதை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.